டோக்கியோவில் முகம் பழகும் விதம்

விம் வெண்டர்ஸ் இயக்கி 2023இல் வந்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தில் ஹிராயாமா என்பவர் ஷிபுயா வட்டாரத்துப் பொதுக் கழிப்பறைகளைக் கழுவுகிறார். அவருக்கு அலாரம் கிடையாது. விடியற்காலையில் ஒரு பாட்டி தெருக் கூட்டும் சத்தம் கேட்டுத்தான் கண் விழிக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஆனாலும் ஒருநாள் அந்த விளக்குமாற்றுச் சத்தம் கேட்காமல் போனால் அவர் சன்னலைத் திறந்து பார்ப்பார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. டோக்கியோவுக்குப் புதிதாகக் குடிவருகிற நம்மவர்களிடம் இந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். இந்த ஊரில் பழக்கம் பேச்சில் தொடங்குவதில்லை. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதில் தொடங்குகிறது.

நம் ஊரில் பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தால் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று அரை மணி நேரத்தில் விசாரித்து முடித்திருப்போம். அதே எதிர்பார்ப்போடு இங்கே வருகிறவர்கள், ரயிலிலும் லிஃப்டிலும் எல்லாரும் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து, தங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துச் சுருங்கிப் போகிறார்கள். ஒதுக்குவதல்ல அது. அடுத்தவருக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டால் வழி தெரியும்.

வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய 14 நாள் அவகாசம் உண்டு. அக்கம்பக்கத்தில் முகம் காட்ட அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிவந்த அன்றோ மறுநாளோ, பகல் வெளிச்சத்தில், இடது வீடு, வலது வீடு, மேல் வீடு, கீழ் வீடு என நான்கு கதவுகளைத் தட்டுங்கள். கையில் 500 முதல் 1000 யென்னுக்குள் ஒரு சின்னத் துண்டோ பிஸ்கட் பெட்டியோ போதும். கடையில் சொன்னால் ‘நோஷி’ என்கிற தாளைச் சுற்றி, உங்கள் பெயரையும் அதில் போட்டுத் தருவார்கள். பிறமொழிப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவில் எழுதச் சொல்லுங்கள், பெயர் அவர்கள் வாயில் நுழைய அதுவே உதவும். நம்மவர்கள் தவறுவது தாராளத்தில். பெரிய பரிசு கொடுத்தால் அதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் அவர்கள் தலையில் ஏறுகிறது. வீட்டில் சுட்ட அதிரசத்தையும் முதல் நாளில் கொடுக்காதீர்கள், யாரென்றே தெரியாதவர் கைப்பட்ட பண்டத்தைச் சாப்பிடத் தயங்குவார்கள். இரண்டு மூன்று முறை போயும் கதவு திறக்கவில்லை என்றால் தபால் பெட்டியில் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது குப்பை. நகரத்தின் 23 வார்டுகளில் காலை 8 மணிக்குள் குப்பையை அதற்கான இடத்தில் வைத்துவிட வேண்டும். பெட் பாட்டிலின் மூடியையும் மேல்தாளையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போடுங்கள். கிழமை மாறியோ வகை மாறியோ வைத்த பையை வண்டிக்காரர்கள் எடுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பை அங்கேயே கிடந்து காக்கை கிளறும், சுத்தம் செய்வது தெருவிலுள்ள ஒரு வயதானவராக இருக்கும். யார் வீட்டுப் பை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒழுங்காகப் பிரித்து வைக்கிறவருக்கோ அதே இடத்தில்தான் அன்றைய முதல் ‘ஒஹாயோ கொசாய்மஸ்’, அதாவது காலை வணக்கம், கிடைக்கிறது.

தாளிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பல குடியிருப்புகளில் சமையலறைப் புகைபோக்கியின் வாய் பால்கனிப் பக்கமோ பொது நடைபாதைப் பக்கமோ திறக்கும். காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து பால்கனியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருக்கும்போது மிளகாயும் கடுகும் வெடித்தால் அந்த நெடி நேரே துணியில் போய் ஏறும். யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள், வீட்டுத் தரகரிடமிருந்து கடிதம்தான் வரும். எண்ணெய் காயும் முன்பே புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். காரத் தாளிப்பை மாலையில், துணிகளை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல், சூடாக இருக்கும்போதே உறைய வைக்கும் பொடியைக் கலந்துவிட்டால் ஆறியதும் கட்டியாகிவிடும். அதை எரியும் குப்பையோடு போடலாம்.

இவ்வளவும் பகையில்லாமல் இருப்பதற்கு. பழக்கம் உண்டாக வேறு இடங்கள் வேண்டும். செலவே இல்லாதது காலை 6:30 மணிக்கு வானொலியில் வரும் உடற்பயிற்சி, ‘ராஜியோ தைசோ’. 1928இல் தொடங்கியது. பத்து நிமிடம்தான். பல பூங்காக்களில் பெரியவர்கள் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். பின் வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்துக் கையைத் தூக்கினால் போதும், பெயர் கொடுக்க வேண்டியதில்லை. சில வாரம் விடாமல் போனால், மழைக்காக ஒருநாள் வராததற்குக் காரணம் கேட்பார்கள்.

ஹிராயாமா போகிற பொதுக் குளியல் கூடமான ‘சென்டோ’தான் நம்மவர்கள் அதிகம் தயங்குகிற இடம். முழு நிர்வாணமாகத்தான் குளிக்க வேண்டும், உள்ளாடையோ நீச்சல் உடையோ கூடாது. ஆண் பெண் பகுதிகள் தனித்தனி. டோக்கியோவில் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. செருப்பை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவிப் பலகையை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சுவரோரம் வரிசையாகக் குழாய்கள், முன்னால் குட்டி ஸ்டூல், ‘கெரோரின்’ என்கிற வலி மருந்தின் விளம்பரம் அச்சடித்த மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணம். உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும், முதல் கோபம் அங்கேதான் வரும். தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள். சின்னத் துண்டு தொட்டித் தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் 42 டிகிரிக்கு மேலும் இருக்கும். ‘ரொம்பச் சூடு’ என்று குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்துவிடாதீர்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்காது. மூன்று நிமிடம் போதும், ஏறி உட்கார்ந்து மறுபடி இறங்கலாம். எழுந்தால் ஸ்டூலைக் கழுவி வையுங்கள். உடம்பைத் துடைத்துவிட்டே உடை மாற்றும் அறைக்குள் காலெடுத்து வையுங்கள், அங்கே தரை ஈரமானால் எல்லாருக்கும் இடைஞ்சல்.

பெரும்பாலான சென்டோக்கள் பிற்பகலில் திறக்கின்றன. திறந்தவுடன் வருகிற கூட்டம் தினமும் ஒரே கூட்டம். நீங்களும் அதே நேரத்தில் போங்கள். கிளம்பும்போது ‘ஒசாக்கி நி’, உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

படத்தில் அசகுசாவின் நிலத்தடிக் கடைத்தெருவில் ஹிராயாமா உட்கார்ந்ததும் கேட்காமலே குவளை வருகிறது. மதுவும் சாப்பாடும் தரும் அப்படி ஒரு கடை உங்களுக்கும் அமையும். கூட்டமில்லாத மாலை ஐந்து மணிக்குப் போய், தனியாக இருந்தால் கவுண்டரில் உட்காருங்கள். உட்கார்ந்தாலே ஒரு சிறு தட்டு வரும், அதற்குச் சில நூறு யென் பில்லில் ஏறும், ஏமாற்று அல்ல. குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம். சைவர்கள் கவனியுங்கள், குழம்பு வகைகளில் மீன் சாறு இருக்கும், வெறும் டோஃபுவின் மேலும் மீன் சீவல் தூவுவார்கள். ‘கட்ஸுஓபுஷி நாஷி தே’, மீன் சீவல் இல்லாமல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சுக்கு வழியில்லையே என்றால், ஐம்பதைத் தாண்டிய சினிமாப் பிரியர்களிடம் ‘முத்து’ என்று சொல்லிப் பாருங்கள். 1998இல் ஷிபுயா திரையரங்கில் மாதக்கணக்கில் ஓடிய ரஜினி படம் அது.

படத்தில் நெஞ்சைத் தொடுவது ஒரு காகிதத் துண்டு. கழிப்பறை இடுக்கில் யாரோ ஒன்பது கட்டம் போட்டு ஒரு குறியிட்டு வைத்திருக்கிறார்கள். ஹிராயாமா ஒரு குறி போட்டு அங்கேயே வைக்கிறார், அடுத்த நாள் பதில் குறி வந்திருக்கிறது. கடைசிவரை முகம் தெரியாது. ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹிராயாமாவின் தனிமை அவரே தேர்ந்தெடுத்தது. அவருடைய தங்கை டிரைவர் வைத்த காரில் வந்து இறங்குகிறார், திரும்பிப் போக ஒரு வீடு ஹிராயாமாவுக்கு இருந்திருக்கிறது. மொழியும் அவருடையது. விசாவுக்காக வேலையை விட முடியாமல் இருப்பவரின் தனிமை வேறு, கைக்குழந்தையோடு பகல் முழுக்க நான்கு சுவருக்குள் இருக்கும் பெண்ணின் தனிமை வேறு. அவர்களுக்கு, இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் சனி, ஞாயிறுகளில் தமிழ் காதில் விழுவதே மருந்து. தயங்காமல் போங்கள். வார நாட்களுக்கு மட்டும் உங்கள் தெருவை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது குளியல் கூடத்துக் கல்லாவில் இருப்பவருக்கும், பூங்காக் கூட்டத்துக்கும், அந்தக் கடைக்கும் ஏதாவது கொண்டு வாருங்கள். அதற்குள் உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், முதல் நாள் தயக்கம் இருக்காது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நல்லது. நிலக்கடலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம். தனித்தனித் தாளில் சுற்றியதாக வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று போதும்.