குதிகால் உடைந்த பிறகு

2022 அக்டோபரில், குன்னூர் பக்கம் ஒரு விடுதிக்காரர் வாங்கிப்போட்டிருந்த பழைய ரயில் பெட்டியை உணவகமாக மாற்றும் வேலைக்குப் போயிருந்தேன். கூரையில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்க வேண்டும். ரயில் பெட்டியின் கூரை மொட்டைமாடி மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இடுப்பில் சேஃப்டி பெல்ட் இருந்தது, கொக்கியை மாட்டத்தான் இடமில்லை. பட்டறை என்றால் தலைக்கு மேலே கம்பி இழுத்து அதில் மாட்டிக்கொள்ளலாம். புல்வெளியில் நிற்கும் பெட்டிக்கு மேலே வானம்தான். காலைத் தூறலின் ஈரம் காயவில்லை. பத்தடிக்கு மேலிருந்து நின்றவாக்கில் விழுந்தேன். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது.

ஜீப்பில் போகும்போதே மேஸ்திரி, "வீட்டுப் படியில விழுந்தேன்னு சொல்லிடுப்பா, செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வலியில் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் டாக்டர் கேட்டபோது என் மனைவி முந்திக்கொண்டு, "வேலை செய்யற இடத்துல, ரயில் பெட்டி மேலேருந்து" என்றாள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

இருபது நாள் கழித்து ஒப்பந்ததாரர் 20,000 ரூபாயும் ஒரு தாளும் கொண்டுவந்தார். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, நம் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சங்கத்து அண்ணன் பிறகு சொன்னார். இழப்பீடு கேட்கும் மனுவை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மனு போட்டேன். நான் அவரிடம் வேலையே செய்யவில்லை என்று ஒப்பந்ததாரர் மறுத்தார். வருகைப் பதிவு கிடையாது. போனில் வந்த கூலிப் பணமும், 'நாளைக்கு சீக்கிரம் வந்துடு' என்ற வாட்ஸ்அப் செய்திகளும்தான் சாட்சி. அச்செடுத்துக் கொடுத்தேன். அப்புறம் வாய்தா, வாய்தா. ஊன்றுகோலோடு பஸ் ஏறி இறங்குவதே பெரும் பாடு.

கணக்கு இப்படி: மாதக் கூலி 13,000. அதில் 60 சதவீதம் 7,800. 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 184.17. உழைக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று மருத்துவர் சான்று தந்தார். பெருக்கினால் 2,87,305 ரூபாய். அதோடு வருடத்துக்கு 12 சதவீத வட்டி. 2024-இல் பணம் வந்தது.

பனிக்காலத்தில் குதிகால் இன்னும் வலிக்கிறது. கூரை வேலையை விட்டுவிட்டேன். தம்பி போகிறான். கொக்கி மாட்ட இடம் காட்டாத கூரையில் ஏற மாட்டேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறான்.