பருக்கை உடைவதற்கு முன்

திருப்பாப்புலியூரில் எங்கள் குடும்பம் நடத்திவரும் திருமண மண்டபத்தின் கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். ஆயிரம் பேர் சாப்பிடும் முகூர்த்த நாளில் அண்டா கழுவிய நீர், சாதம் வடித்த கஞ்சி, பந்தி முடிந்து கை கழுவும் நீர் எல்லாம் சேர்ந்து, நெருக்கடியான வேளையில் மணிக்கு ஏறத்தாழ 3000 லிட்டர் வெளியேறுகிறது. பருக்கை, பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, வாழையிலைக் கிழிசல், நெய் ஆகியவையும் அதனோடு போகின்றன. இவற்றை நம் மதிலுக்குள்ளேயே பிடித்து நிறுத்தாவிட்டால் முதலில் தெருச் சாக்கடையும் பிறகு கெடிலம் ஆறும்தான் சுமக்க வேண்டும். ஆற்றில் கலக்கும் கழிவுநீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கரையாத திடப்பொருள் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் பொதுவான வரையறை. ஒரு லிட்டரில் ஐந்தாறு அரிசியின் எடைதான் அது என்று கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், நாங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

முன்பு இருந்த அமைப்பு இதுதான். சமையற்கட்டு தெருவைவிடத் தாழ்ந்திருப்பதால் எல்லா நீரும் ஒரு குழியில் விழும். அங்கிருந்து மோட்டார் அதை மேலேற்றி, நான்கடிக்கு நான்கடி அகலமும் பத்தடி ஆழமும் உள்ள தொட்டிக்குள் தள்ளும். இடம் குறைவு, ஆழமாகத் தோண்டினால் போதும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். தொட்டியிலிருந்து வெளியேறிய நீர் உள்ளே போன நீரைப் போலவே கலங்கலாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் அக்கம்பக்கத்தார் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் இன்றும் வருந்துகிறேன்.

காரணத்தைத் தேடியபோதுதான் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளர் 1851இல் வெளியிட்ட விதியைப் படித்தேன். நீரில் அமிழும் சிறு துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்கிறது அது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். இன்னும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். பருக்கை முழுதாக இருந்தால் சல்லடையில் நிற்கும், தவறினாலும் நொடிகளில் அடியில் போய்ப் படியும். எங்கள் மோட்டாரோ ஒவ்வொரு பருக்கையையும் அரைத்துக் கூழாக்கி, எந்தத் தொட்டியாலும் பிடிக்க முடியாததாக மாற்றிய பிறகே தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கு எதையும் படிக்காமலே, எங்களிடம் பாத்திரம் துலக்கும் அக்கா இதற்கு வழி சொன்னார். அண்டாவின் அடியில் ஒட்டிய சாதத்தைக் கொட்டாங்கச்சியால் வழித்து ஒரு வாளியில் போட்டுவிட்டுத்தான் அவர் குழாயைத் திறப்பார். "தண்ணியில விட்டுட்டு அப்புறம் தேடுறதவிட, முன்னாடியே வழிச்சி எடுத்துடலாமே தம்பி" என்றார். அவர் வழித்தெடுத்ததை மாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீருக்குள் போகாத கழிவை நீரிலிருந்து பிரிக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது சல்லடை. முதலில் ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள வலையை வைத்தோம். கால் மணி நேரத்தில் கஞ்சிப் பசை அதை மூடிவிடும். நீர் வழிந்து தரையெல்லாம் பரவும். வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் வலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இப்போது வாழையிலையையும் சக்கையையும் தடுக்க ஒரு கம்பித் தடுப்பும், அதற்கடுத்து மூன்று மில்லிமீட்டர் துளைகள் கொண்ட எவர்சில்வர் தகடும் சாய்வாகப் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் தகட்டை எடுத்துத் தட்டிவிட வேண்டும். மிக நுண்ணிய சல்லடையைவிட, கையால் எளிதில் துப்புரவு செய்யக்கூடிய சல்லடைதான் கடைசிப் பந்தி வரை தன் இடத்தில் இருக்கிறது.

பிறகு தொட்டி. ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1904இல் நிறுவிய உண்மை எனக்கு முதலில் நம்ப முடியாததாக இருந்தது: ஓடும் நீரிலுள்ள தனித் துகள்களைப் படியவைப்பதில் தொட்டியின் ஆழத்துக்குப் பங்கில்லை, மேற்பரப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு மணி நேரத்தில் வரும் நீரின் அளவை மேற்பரப்பால் வகுத்தால் கிடைக்கும் வேகத்தைவிட மெதுவாக இறங்கும் துகள்களில் ஒரு பகுதி தப்பித்தே தீரும். பழைய தொட்டியில் அந்த வேகம் மணிக்கு இரண்டு மீட்டர். பின்கட்டில் பத்தடி நீளம், நான்கடி அகலம், நான்கடி ஆழத்தில் புதிதாகக் கட்டிய தொட்டியும் அதே 160 கன அடி கொள்ளளவு உடையதுதான். ஆனால் அந்த வேகம் மணிக்கு எண்பது சென்டிமீட்டராக இறங்கிவிட்டது. நீர் தானாகவே சரிந்து அதற்குள் போகிறது. மோட்டாரைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டோம், தெளிந்த நீரை மட்டும் அது மேலேற்றுகிறது.

நுழைவாயில் கற்றுக்கொடுத்தது தனி. வடித்த கஞ்சி கொதிக்கக் கொதிக்க வந்தால், சூடான நீர் இலேசானது என்பதால், தொட்டியிலுள்ள குளிர்ந்த நீரின்மேல் வழுக்கிக்கொண்டு நேராக வெளியேறும் வாய்க்குப் போய்விடுகிறது. அதில் உருகிய நெய்யும் கூடவே போகிறது. கஞ்சியை ஆறவைத்து ஊற்றச் சொன்னோம். நுழையும் இடத்தில் நீரின் வேகத்தை ஒடிக்க ஒரு தடுப்புப் பலகை நிறுத்தினோம். வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே இருக்கிறது. மேலே மிதக்கும் நெய்யும் போகாது, அடியில் படிந்த மண்டியும் போகாது.

அந்த மண்டியை அள்ளாமல் விட்டால் நம் ஊர் வெயிலுக்கு நான்கைந்து நாளில் புளித்து, குமிழ் விட்டு, கட்டி கட்டியாக மேலே மிதந்து வரும். எனவே ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் நீரை இறைத்துவிட்டு, தொட்டிக்குள் யாரும் இறங்காமல் மேலிருந்தபடியே நீண்ட காம்புள்ள வாரியால் அள்ளுகிறோம். ஐப்பசி மழையில் ஒருமுறை மாடித் தண்ணீர்க் குழாய் இதில் இணைந்திருந்ததால், படிந்ததெல்லாம் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போய்விட்டது; அந்தக் குழாயை உடனே பிரித்தோம்.

வெளியேறும் நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் படிவதை அளவுகோலால் அளக்கிறேன். பழைய தொட்டியின் நீரில் மூன்று விரற்கடை மண்டி நின்றது. சென்ற ஆவணி முகூர்த்தத்தன்று பிடித்த பாட்டிலில் அடியை மறைக்கும் அளவுக்கு ஒரு மெல்லிய வெண்படலம் மட்டுமே இருந்தது. அதன் மேலிருந்த நீர் இன்னும் பால்போல வெளிறித்தான் இருக்கிறது. வெந்து கரைந்த கஞ்சி அது. சல்லடைக்கும் அகப்படாது, தொட்டியிலும் படியாது. அதற்காகத் தொட்டியை அடுத்துச் சரளை நிரப்பிக் கல்வாழை வைக்க இடம் அளந்து வைத்திருக்கிறேன்.