மலையிலிருந்து டிரம்ஸ் கிரேடு தேர்வுக்குப் போகிறவர்கள் எதை முதலில் வாங்கலாம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் டிரம்ஸ் கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எந்த கிட் வாங்கலாம்?" என்பதுதான். நான் லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற ராக் அண்ட் பாப் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். வீடு குன்னூரில், கல்லூரி ஊட்டியில். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கிட்டை, அதாவது முழு டிரம் செட்டை, கடைசியில் வாங்குங்கள். தேர்வு அறையில் போட்டிருக்கப் போவது அவர்களுடைய கிட். உங்களோடு உள்ளே வருவது ஸ்டிக், கை, கால், காது, அவ்வளவுதான். வீட்டில் கஷ்டப்பட்டுக் கொடுக்கிற காசு முதலில் அங்கே போகட்டும்.

தேர்வு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று பாடல்கள், அப்புறம் செஷன் ஸ்கில்ஸ் என்று ஒரு பகுதி. மொத்தம் 100 மதிப்பெண். 60 வந்தால் பாஸ், 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். பாடல்களை டிரம்ஸ் இல்லாத பேக்கிங் டிராக்கோடு வாசிக்கலாம். டிராக் நமக்காக நிற்காது, ஒரு ஃபில்லில் (பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வாசிக்கிற சின்ன அலங்கார அடி) அவசரப்பட்டால் அடுத்த பாரின், அதாவது அடுத்த தாளச் சுற்றின், முதல் பீட்டுக்கு நாம் முன்னாடியே போய் நின்றுகொண்டிருப்போம். செஷன் ஸ்கில்ஸில் பிளேபேக், இம்ப்ரொவைசிங் (அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது) இரண்டில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது பிளேபேக். முன்பின் பார்க்காத ஒரு சார்ட்டை (வாசிப்புக் குறிப்புத் தாள்) கொடுத்து 30 வினாடி பார்க்கச் சொல்வார்கள், பிறகு டிராக்கில் கேட்பதை அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும், சில இடங்களில் சார்ட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். இதைப் பழக கிட் தேவையே இல்லை. ஊட்டி பஸ்ஸில் உட்கார்ந்து ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு பார் கேட்டு நிறுத்தி, அதைத் தொடையில் தட்டிப் பார்ப்பேன்; வலது கை ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்), இடது கை ஸ்நேர் (முன்னால் இருக்கிற சின்ன டிரம்), வலது கால் கிக் (பெடலால் அடிக்கிற பெரிய டிரம்). அரவங்காடு தாண்டி எல்லநள்ளி வருவதற்குள் ஒரு பாட்டின் அமைப்பு முழுக்க மனதில் ஏறிவிடும்.

ஸ்டிக் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் நிறையப் பேர் கவனம் வைப்பதில்லை. ஆரம்பத்தில் 5ஏ என்கிற நடுத்தர அளவு போதும். கை சின்னதாக இருந்தால் 7ஏ, அது கொஞ்சம் மெல்லிசு. ஹிக்கரி மரம் அடி தாங்கும், மேப்பிள் எடை குறைவு. கோயம்புத்தூரில் கடைக்குப் போனால் ஸ்டிக்கை உறையிலிருந்து எடுத்துக் கவுண்டர் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். நுனி மேலும் கீழும் ஆடிக்கொண்டே உருண்டால் அது வளைந்த ஸ்டிக், வைத்துவிடுங்கள். நேராக உருண்ட இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் தளர்வாகப் பிடித்து ஒரே மரப்பலகையில் தட்டிக் கேளுங்கள். ஒன்று கணீரென்றும் இன்னொன்று மந்தமாகவும் கேட்டால் மரத்தின் அடர்த்தி வேறு வேறு என்று அர்த்தம், அந்த ஜோடியில் வலது கையும் இடது கையும் ஒருநாளும் ஒரே சத்தம் தராது. நான் போன ஒரு கடையில் உறையைப் பிரிக்கவே கூடாது என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டேன், நீங்களும் தயங்க வேண்டாம். இவ்வளவு தூரம் இறங்கிப் போவதே கையில் எடுத்துப் பார்த்து வாங்கத்தான், இல்லாவிட்டால் ஆன்லைனிலேயே வாங்கியிருக்கலாமே.

அடுத்தது பேட், அதாவது கிட் இல்லாமல் ஸ்டிக்கால் அடித்துப் பழகுகிற பலகை. ரப்பர் பேட் ஒன்று நல்லதாக வாங்குங்கள், ஸ்டிக் திரும்பி எழும்பும் துள்ளல் ஸ்நேரை ஒட்டி இருக்க வேண்டும். தலையணையில் அடித்துப் பழகினால் மணிக்கட்டுக்குப் பலம் வரும், உண்மைதான், ஆனால் அதில் துள்ளல் கிடையாது, டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையில் அடுத்தடுத்து இரண்டு அடி) அதில் வளராது. தாள வாத்தியக்காரர்களின் அமைப்பான பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டியின் பட்டியலில் 40 ருடிமென்ட் (அடிப்படை அடிப் பாடம்) இருக்கிறது, அத்தனையையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிங்கிள், டபுள், பாரடிடில், ஃபிளாம் நான்கையும் தாளம் தட்டுகிற மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 வைத்துத் தினமும் வாசித்தாலே பாதிப் பாடல்கள் கைக்கு வந்துவிடும். மார்கழி, தை மாதக் காலையில் இங்கே விரல் மடங்காது, அந்த நேரத்தில் வேகமாகத் தொடங்கினால் மணிக்கட்டு வலிதான் மிச்சம். டீ கிளாஸைப் பிடித்துக் கையைச் சூடேற்றிக்கொண்டு, மெதுவான சிங்கிள் ஸ்ட்ரோக்கில் ஆரம்பியுங்கள். என் மாஸ்டர் சொல்வார்: "வேகம் தானா வரும்டா, முதல்ல ரெண்டு கையும் ஒரே மாதிரி பேசட்டும்."

எங்கள் வீடு லைன் வீடு, சுவர் பொது. பக்கத்து வீட்டு மாமா தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் தூங்குவார், அந்த நேரத்தில் பேட்டைக்கூடத் தொட மாட்டேன். அவரிடமே போய் எந்த நேரம் பரவாயில்லை என்று கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டேன். எலக்ட்ரானிக் கிட் வாங்கினால் சத்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வலை மாதிரியான மெஷ் ஹெட்டில் கை அடிக்கிற சத்தம் குறையும், சரி, ஆனால் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும். தடித்த கம்பளியும் அதன்மேல் ரப்பர் பாயும் போட்டால் ஓரளவு அடங்கும். பெடல் தனியாக வாங்க முடிந்தால் நல்லது, கால் பழக்கம் அதில்தான் வரும். முழு கிட்டுக்கு எனக்கு சர்ச் கிட் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன், சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் பாஸ்டர் ஐயரிடம் அனுமதி கேட்டுக் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருவேன். அப்படி ஒரு கிட் உங்கள் ஊரிலும் எங்காவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அந்த கிட்டைப் பார்த்துக்கொள்வதும் நம் வேலை. இங்கே ஈரம் சும்மா விடாது. பறை வாசிப்பவர்கள் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள், தோல் ஈரம் குடித்தால் தளர்ந்துவிடும் அல்லவா. நம் கிட்டின் ஹெட் (அடிக்கிற மேல்பரப்பு) பாலியஸ்டர் என்பதால் தண்ணீர் குடிக்காது, ஆனால் டென்ஷன் ராட் (ஹெட்டை இறுக்குகிற திருகு) துருப்பிடிக்கும், ஸ்டிக் ஊறி வளையும். ராட் மரையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு டிரம் கீயால் திருப்பி வையுங்கள். ஸ்டிக்கை ஜன்னலோரம் வைக்காமல் பையில் போட்டு வையுங்கள். சிம்பலின் நடு ஓட்டைக்குள் ஸ்டாண்டின் இரும்பு நேராக உரசக் கூடாது, பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சாவித் துவாரம் மாதிரி நீண்டு, அங்கிருந்து விரிசல் விடும். பழைய சிம்பல் வாங்கப் போகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், பிறகு ஓரத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். லேபிளில் பி20 என்றிருந்தால் செம்பு 80, தகரம் 20 கலந்த வெண்கலம். பி8 என்றால் தகரம் 8தான். விலை குறைந்த ஆரம்ப செட்டுகள் பெரும்பாலும் பித்தளை, பழக அது போதும்.

காதுக்கு இயர் பிளக் வாங்காமல் கிட்டில் உட்காராதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் அடிக்கிற ஸ்நேரும் கிராஷ் சிம்பலும் அந்த அளவை எளிதாகத் தாண்டும். போன காது திரும்பி வராது, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

தேர்வுக்கு முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு நின்றுவிடும், கோத்தகிரி வழியும் சேர்ந்து அடைபடுகிற நாட்கள் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது: கீழே உள்ள வெக்கைக்கு நம் உள்ளங்கை உடனே வியர்க்கும், பழகாத கையில் ஸ்டிக் வழுக்கும். ஒரு மாலை அங்கே பேட் வாசித்துப் பார்த்தால் பிடி எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கைக்குட்டை, இரண்டு ஜோடி ஸ்டிக், பாட்டுப் புத்தகத்தின் ஒரிஜினல், ஜெராக்ஸ் வேண்டாம். உள்ளே போனதும் அவசரப்படாமல் ஸ்டூல் உயரத்தை உங்களுக்கு ஏற்றபடி வையுங்கள், ஹை-ஹேட்டையும் பெடலையும் கால் எட்டுகிற தூரத்துக்கு இழுங்கள், சிம்பலை இறக்குங்கள். எக்ஸாமினர் காத்திருப்பார், அதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்க மாட்டார்.