ஊருணியில் வால்வாக்ஸ்

நவம்பர் 9

மழை விட்டதும் ஊருணியில் மொண்டுவந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கடுகிலும் சிறிய பச்சைப் புள்ளிகள் தாமாக நகர்கின்றன. வால்வாக்ஸ்! 1700இல் நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் பார்த்து எழுதிய அதே பாசி. தென்னிந்திய நீர்நிலைகளில் இந்த இனங்களைத் தேடித் தேடி விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார். அவர் பார்த்த குளங்களில் எத்தனை இன்று வீட்டுமனையோ.

நவம்பர் 10

நுண்ணோக்கியில் பந்து உருண்டு ஓடுகிறது. துரத்தியே கண் வலிக்கிறது. மேற்பரப்பில் சிறு செல்கள், ஒவ்வொன்றுக்கும் நீந்துவதற்குச் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகள். உள்ளே சில பெரிய பச்சை உருண்டைகள். ஆய்வகங்களில் வளர்க்கும் வால்வாக்ஸ் கார்ட்டெரி இனத்தில் சிறியவை ஏறத்தாழ 2000, பெரியவை அதிகம் போனால் 16. சிறியவை நீந்தும், பெருகாது. பெரியவை பெருகும், நீந்தாது.

நவம்பர் 12

ஏன் இந்தப் பாகப்பிரிவினை? ஒற்றைச் செல் உறவினரான கிளாமிடோமோனாஸைப் பார்த்தால் புரிகிறது. பிரிய வேண்டிய நேரத்தில் அது கசையிழைகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. அவற்றின் அடியில் இருக்கும் நுண்ணுறுப்புகள் செல் பிரிவுக்கும் வேண்டியிருக்கின்றன. நீந்தினால் பிரிய முடியாது. பிரிந்தால் நீந்த முடியாது. பெரிய பந்தோ நீந்தாவிட்டால் அடியில் போய்விடும்.

இதற்காகப் புது மரபணுக்கள் குவிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2010இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வில் வால்வாக்ஸுக்கும் கிளாமிடோமோனாஸுக்கும் மரபணு எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே: சுமார் 14,500. சிறு செல்களைப் பெருகவிடாமல் அடக்கிவைப்பது ரெக்-ஏ என்ற ஒரு மரபணு. அது பழுதானால் அவை கொஞ்சகாலம் நீந்திவிட்டு, கசையிழையை விட்டுப் பருத்து, பிரியத் தொடங்கிவிடுகின்றன.

நவம்பர் 13

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் வந்தாள். "அந்தச் சின்ன செல்லுக்கு இதில் என்ன லாபம், சித்தப்பா?"

நல்ல கேள்வி. எல்லாம் ஒரே செல்லிலிருந்து பிறந்தவை, ஒரே மரபணுக்கள். பெரியது பெருகினால் சிறியதன் மரபணுவும்தான் பெருகுகிறது. "அப்படியென்றால் அது தியாகம் இல்லையே" என்றாள். இல்லைதான்.

நவம்பர் 15

பந்துக்குள் பிறக்கும் குட்டிப் பந்தின் கசையிழை முனைகள் முதலில் உட்புறம் நோக்கி இருக்கும். பிறகு ஒரு துளை வழியாக அது தன்னையே உள்வெளியாகப் புரட்டிக்கொள்கிறது. இதைப் பார்க்க எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தகும்.

குட்டிகள் தாயைக் கிழித்து வெளியேறிவிட்டன. தாயின் சிறு செல்கள் வெளிறிச் சாகின்றன. கிளாமிடோமோனாஸ் பிரிந்தால் பிணம் மிஞ்சாது, இங்கே மிஞ்சுகிறது. ஆகவே இதை உடல் என்றே சொல்வேன். தேர்வில் 'கூட்டமைப்பு' என்று எழுதினால்தான் மதிப்பெண் என்கிறாள் அண்ணன் மகள். எழுதிக்கொள் என்றேன்.