சின்ன கேமராவுல பேக்ரவுண்ட் கரையணும்னா பின்னாடி நடங்க

மலைக்குப் போறப்ப பெரிய கேமராவைத் தூக்கிட்டுப் போறதை விட்டு ரொம்ப நாளாச்சு, பாக்கெட்டுல அடங்குற காம்பாக்ட் ஒண்ணுதான் இப்பல்லாம் கூட வருது, இந்த வாட்டியும் அதேதான். ஏத்தத்துல கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும், மழை வந்தா ஜிப்பை மூடிட்டு நடந்துட்டே இருக்கலாம். கூட வந்த தங்கச்சி மொபைல்லயே எடுத்துட்டு வந்தா. புல்வெளியில நான் எடுத்த ஒரு பூவை ஸ்க்ரீன்ல பார்த்துட்டு, "அண்ணா, பின்னாடி இப்படிக் கரைஞ்சு போயிருக்கே, இந்தக் குட்டி கேமராவுலயா?"ன்னு கேட்டா. நடந்துட்டே அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா சின்ன கேமராவுல பேக்ரவுண்ட் ப்ளர் வரவே வராதுன்னு நம்பி நிறைய பேர் முயற்சி பண்ணாமலே விட்டுடுறாங்க, அது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

வராதுன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பெரும்பாலான பாக்கெட் ஜூம் கேமராவுல சென்சார், அதாவது படத்தைப் பதியுற சில்லு, சுமார் 6 மிமீக்கு 4.5 மிமீ தான், ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற பெரிய கேமராவுல அது 36க்கு 24. சென்சார் குட்டியா இருக்கிறதால லென்ஸும் குட்டியாயிடுது, ஃபுல் ஃப்ரேமுக்கு ஈடான கணக்குல 24 எம்எம்னு போட்டிருக்கிற வைடு, அதாவது ஜூமே பண்ணாத நிலை, நிஜத்துல 4 மிமீ சொச்சம் ஃபோக்கல் லெங்த் (லென்ஸோட குவிய தூரம்) தான். அதை லென்ஸ்ல போட்டிருக்கிற எஃப் நம்பர் 3.5-ஆல வகுத்தீங்கன்னா வெளிச்சம் உள்ள போற ஓட்டை 1.2 மிமீக்கு வரும், குண்டூசித் தலை அளவு. அவ்ளோ சின்ன ஓட்டை வழியா பார்த்தா கிட்ட இருக்கிறதும் தூரத்துல இருக்கிறதும் ஏறக்குறைய எல்லாமே ஷார்ப்பாத்தான் தெரியும்.

அதே லென்ஸை முழுசா ஜூம் பண்ணிப் பாருங்க. என்கிட்ட இருக்கிறது 24ல இருந்து 720 எம்எம் வரைக்கும் போற 30 எக்ஸ் வகை. கடைசி ஜூம்ல நிஜ ஃபோக்கல் லெங்த் 123 மிமீ, எஃப் 6.4. எஃப் நம்பர் கூடிடுச்சே, ப்ளர் கொறஞ்சிடுமேன்னுதான் தோணும், ஆனா வகுத்துப் பார்த்தா ஓட்டை இப்ப 19 மிமீ! ஜூம் பண்றதுலயே ஓட்டை பதினஞ்சு மடங்குக்கு மேல பெருசாயிடுச்சு. நான் சொல்றது ஆப்டிகல் ஜூம் மட்டும்தான், டிஜிட்டல் ஜூம்ங்கிறது எடுத்த படத்தை வெட்டிப் பெருசாக்குறது, அதுல லென்ஸ்ல எதுவும் மாறாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கணக்கு இருக்கு, ஒரு தடவை மனசுல ஏறிட்டா அப்புறம் எந்த இடத்துலயும் கை தானா சரியான இடத்துக்குப் போகும். ரொம்ப தூரத்துல இருக்கிற ஒரு வெளிச்சப் புள்ளி படத்துல எவ்ளோ பெரிய வட்டமா கரையும்னா, நாம ஃபோகஸ் பண்ண பொருள் இருக்கிற இடத்துல வெச்சு அளந்தா, லென்ஸோட அந்த ஓட்டை அளவுக்கு. அவ்ளோதான். அதனால பொருள் எவ்ளோ அகலத்துக்கு ஃப்ரேம்ல வருதுன்னு மட்டும் பார்த்தா போதும். அந்தப் பூவை எடுத்தப்ப ஃப்ரேமோட அகலம் 12 சென்டிமீட்டர் சொச்சம், ஓட்டை 19 மிமீ, ஆக பின்னாடி இருந்த ஒவ்வொரு புள்ளியும் படத்தோட அகலத்துல ஏழுல ஒரு பங்கு அளவுக்கு விரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு. அதே பூவை, அதே சைஸ்ல, மேக்ரோ (ரொம்பக் கிட்ட ஃபோகஸ் பண்ற மோட்) போட்டு வைடுல பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத தூரத்துல போய் எடுத்தா ஓட்டை 1.2 மிமீ, அதாவது நூத்துல ஒரு பங்குதான். பின்னாடி இருக்கிற வேலி, பாதை, நிக்கிற ஆளுங்க எல்லாம் என்ன ஏதுன்னு தெளிவாத் தெரியும்.

பூ படம் போட்ட மேக்ரோ பட்டனைப் பார்த்ததும் எல்லாரும் பூவை ஒட்டிப் போய் நிக்கிறது இதனாலதான் எனக்குப் பதைக்குது. கிட்டப் போகாதீங்க, பின்னாடி வாங்க. ரெண்டரை மூணு மீட்டர் தள்ளி நின்னு முழு ஜூம் போடுங்க. அதைவிடக் கிட்டப் போனா நிறைய கேமராவுல கடைசி ஜூம்ல ஃபோகஸே ஆகாது, ஃபோகஸ் ஆகுற கடைசி எல்லை எதுன்னு உங்க கேமராவுல கண்டுபிடிச்சு வெச்சுக்கோங்க, அந்த எல்லையிலதான் அதிகபட்ச ப்ளர்.

பின்னாடி நிக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. வைடுல கேமரா பக்கவாட்டுல 74 டிகிரி பார்க்குது, 720ல வெறும் 3 டிகிரி. அதாவது பூவுக்குப் பின்னாடி தெரியுறது மலைச்சரிவுல ஒரு சின்னத் துண்டுதான். ஒரு எட்டு இடது பக்கம் வெச்சா பேக்ரவுண்ட் மொத்தமா மாறிடும்: இங்க நின்னா வெயில் படுற மஞ்சள் புல்லு, அங்க நின்னா நிழல்ல இருக்கிற கரும்பச்சை காடு. புல்வெளியில நான் அதிக நேரம் செலவழிச்சது ஃபோகஸுக்கு இல்ல, இப்படி அங்கயும் இங்கயும் நகர்ந்து பின்னாடி எந்த நிறம் வேணும்னு தேடுறதுக்குத்தான். கரும்பச்சையில அந்த வெள்ளைப் பூ எப்படி எடுப்பா இருந்துச்சுங்கிறீங்க!

ஏரிக்கரைக்கு வந்தப்ப தும்பி நிறைய. பாறை மேல உக்காந்திருந்த தும்பியை எவ்ளோ ஜூம் பண்ணாலும் பின்னாடி பாறை பாறையாத்தான் தெரிஞ்சுது, நாணல் நுனியில உக்காந்திருந்தது மட்டும் தண்ணிக்கு நடுவுல மிதக்குற மாதிரி வந்துச்சு. ஃபோகஸ் தூரத்தைப்போல ரெண்டு மடங்கு தூரத்துல பேக்ரவுண்ட் இருந்தா முழு ப்ளர்ல பாதி கிடைக்கும், பத்து மடங்கு தூரத்துல இருந்தா பத்துல ஒம்போது பங்கு. தும்பி மூணு மீட்டர்ல, அக்கரை எங்கயோ, அதனால கிட்டத்தட்ட முழுசும் கிடைச்சுது. நாணல் மாதிரி மெல்லிசா இருக்கிறதுல ஆட்டோ ஃபோகஸ் பின்னாடி தண்ணிக்கு ஓடிடும், அதுக்கு ஃபோகஸ் ஏரியாவை இருக்கிறதுலயே சின்ன கட்டமா மாத்திக்கணும், அப்பவும் பிடிக்கலன்னா அதே தூரத்துல இருக்கிற தடிமனான எதையாவது பிடிச்சு ஷட்டரைப் பாதி அழுத்தி வெச்சுக்கிட்டே தும்பிக்குத் திரும்பணும். காத்து அடிச்சா காத்திருக்கணும், வேற வழியே இல்ல.

காட்டுப் பாதையில முன்பக்கத்தையும் கரைச்சுப் பார்த்தோம், இதைச் சின்ன கேமரா வெச்சிருக்கிறவங்க கட்டாயம் செஞ்சு பார்க்கணும். மூணு மீட்டர்ல இருக்கிற பட்டாம்பூச்சிய ஃபோகஸ் பண்ணிட்டு, லென்ஸுக்கு ஒரு ஜாண் முன்னாடி புல்லோ இலையோ லேசா குறுக்க வர்ற மாதிரி குனிஞ்சு நின்னா, அந்த இலை இலையாவே தெரியாது, ஓரத்துல பச்சைப் புகை மாதிரி படரும். பின்னாடி வர்ற ப்ளருக்கு ஓட்டை அளவுங்கிற எல்லை இருக்கு, முன்னாடி வர்ற ப்ளருக்கு அந்த எல்லையே கிடையாது, லென்ஸை நெருங்க நெருங்க ஏறிட்டே போகும்.

தங்கச்சிய எடுக்கிறதுதான் கஷ்டம். ஆள்னு வந்துட்டா ஃப்ரேம் அகலமாயிடுது, இடுப்பு வரைக்கும் எடுக்க 90 சென்டிமீட்டர் வேணும், அப்ப 19 மிமீங்கிறது படத்துல ரெண்டு சதவீதம்தான், அதுவும் 18 மீட்டர் தள்ளி நின்னு கத்திக் கத்திப் பேசணும். முகத்தை மட்டும் 30 சென்டிமீட்டர் ஃப்ரேம்ல எடுத்தா ஆறு சதவீதம், 6 மீட்டர் தூரம், நல்லாவே வருது. அவ ரொம்ப தூரத்துல இருக்கிற மலைக்கு முதுகு காட்டி நின்னப்ப எடுத்த முகம் எனக்கு இந்தப் பயணத்துலயே பிடிச்ச படம். பெரிய 1 இஞ்ச் சென்சார் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களுக்கு: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3ல 70 எம்எம்ல (நிஜத்துல சுமார் 26 மிமீ) எஃப் 2.8, ஓட்டை 9 மிமீ. கிட்ட நின்னு, ரூமுக்குள்ள, கொஞ்ச வெளிச்சத்துல ஆளை எடுக்க அது ரொம்ப நல்ல கேமரா, தூரமா நின்னு பூ, பூச்சிய கரைச்சு எடுக்கிறதுல என் குட்டி சென்சார் நீள ஜூம்தான் ஜெயிக்குது. தங்கச்சியோட மொபைல் போர்ட்ரெய்ட் மோட் ப்ளரை கணக்குப் போட்டுப் பூசுது, முகத்துக்கு அழகாத்தான் இருக்கு, காத்துல பறக்குற முடியும் நாணல் நுனியும் வந்தா மட்டும் ஓரம் தடுமாறுது.

செட்டிங் பத்திச் சொல்ல பெருசா இல்ல. அப்பர்ச்சர் மோட் (ஓட்டை அளவை நாமளே தேர்வு பண்ற மோட்) இருந்தா கிடைக்கிற சின்ன எஃப் நம்பர்ல விட்டுடுங்க. சில விலை கம்மியான கேமராவுல எஃப் 8னு காட்டுறப்ப உள்ள ஓட்டை சுருங்குறதே இல்ல, ஒரு கருப்பு ஃபில்டர் குறுக்க வந்து வெளிச்சத்தைக் குறைக்குது, அதனால அதுல எஃப் நம்பரை மாத்தி மாத்தி ப்ளர் வித்தியாசம் தேடுறது வீண் வேலை. முழு ஜூம்ல கை ஆட்டம் பெருசா தெரியும், ஸ்டெபிலைசேஷன் ஆன்ல இருக்கட்டும், முழங்கையை உடம்போட ஒட்டிக்கோங்க, ஷட்டர் ஸ்பீட் 250ல ஒரு செகண்டுக்குக் கீழ இறங்காம பார்த்துக்கோங்க, வெளிச்சம் குறைஞ்சா ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரோட வெளிச்ச உணர்திறனை, ஏத்தியாகணும், அந்தச் சின்ன சென்சார்ல 800 தாண்டினா நொய் மாதிரி பொடிப் பொடியா புள்ளி வரும். அதனால இந்த மாதிரி படம் எல்லாத்தையும் காலையிலயும் சாயங்காலத்துக்கு முன்னாடியும் முடிச்சிடுவேன்.

உச்சிக்குப் போனப்ப ஜூமை முழுசா உள்ள இழுத்து வைடுக்கு வந்துட்டேன். அங்க தங்கச்சிக்குப் பின்னாடி நாங்க ஏறி வந்த பாதை, ஏரி, புல்வெளி எல்லாம் ஒண்ணு விடாமத் தெரிஞ்சுது, அந்த 1.2 மிமீ ஓட்டை அவ முகத்துல இருந்து கடைசி மலை வரைக்கும் எல்லாத்தையும் ஷார்ப்பா பிடிச்சுது. அங்க எதையும் கரைக்க எனக்கு மனசு வரல.