ரிஜெக்ட் ஆன வளையம்

அக்கா மகன் பத்தாம் வகுப்பு பரீட்சை முடித்துவிட்டு ஒரு வாரம் இங்கே பெங்களூருக்கு வந்திருந்தான். எங்களுக்குச் சொந்த ஊர் காவல்கிணறு. பக்கத்தில்தான் மகேந்திரகிரி. இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்ஜின்களைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிற இடம். அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது டிவியில் பார்க்கிற சமாச்சாரம் மட்டுமில்லை. சில நாள் தூரத்தில் இடி உருளும், வானம் பார்த்தால் வெறிச்சென்று இருக்கும்.

லால்பாக் வேண்டாம் என்றான். சரி என்று பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிற, விமானம் கட்டும் எச்ஏஎல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே மாருத் நிற்கிறது. ஜெர்மானியர் குர்ட் டாங்க் வடிவமைத்து, 1961-ல் இதே பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த போர் விமானம். பார்க்க அத்தனை அழகு. அந்த உடம்புக்கு ஏற்ற எஞ்ஜின்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை நான் சொன்னதுதான் தப்பு.

"நம்ம ஊர்லயே ராக்கெட் எஞ்ஜின் எரிக்காங்க. நிலாவுக்கே போயாச்சு. பெறவு ஏன் மாமா நம்ம தேஜஸ் போர் விமானத்துக்கு அமெரிக்கா எஞ்ஜின்? ரெண்டுலயும் பின்னால தீதான வருது?"

பீன்யா தொழிற்பேட்டை டீக்கடைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி அடிபடும். கேட்கிறவர்கள் பாதிப்பேர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு டம்ளரை வைத்துவிடுவார்கள். இவன் காத்திருந்தான்.

தீ ஒன்றுதான். தீ எரியக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுசாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். ஜெட் எஞ்ஜின் அதை வெளியிலிருந்தே முன்வாயால் இழுத்து, இறுக்கி, எரித்து, பின்னால் துப்புகிறது. துப்பும் வழியில் ஒரு டர்பைனை, அதாவது பிளேடுகள் வைத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது, அந்த டர்பைன்தான் முன்னால் காற்றை இறுக்கும் விசிறிகளைச் சுழற்றுகிறது. ராக்கெட் போகிற இடத்தில் காற்றே கிடையாது. கட்டுச்சோறு மாதிரி ஆக்ஸிஜனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சந்திரயான்-3ஐ ஏற்றிப்போன எல்விஎம்-3 ராக்கெட் நின்ற இடத்தில் சுமார் 640 டன். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் எரிகிற பொருளும் எரியவைக்கிற பொருளும்தான். அதன் உச்சியில் இருக்கிற கிரையோஜெனிக் எஞ்ஜின் (கடுமையாகக் குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுக்களை எரிப்பது) ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 5 கிலோ ஆக்ஸிஜன் தின்னும். இத்தனையும் சுமந்துபோய் விட்டது நாலு டன்னுக்கும் குறைவான சந்திரயானை.

"காத்தே இல்லேன்னா எதைத் தள்ளிட்டுப் போவும்?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. 1920-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே இதே சந்தேகத்தை வைத்து ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. 1969 ஜூலையில், அப்போலோ-11 கிளம்பிப்போன மறுநாள், தப்புதான் என்று திருத்தம் போட்டார்கள். கோடார்ட் செத்து ஏறக்குறைய 24 வருஷம் ஆகியிருந்தது. ராக்கெட் தள்ளுவது தான் கக்குகிற வாயுவைத்தான். அது பின்னால் பாய்கிறது, இது முன்னால் போகிறது. வெளியே காற்று இருந்தால் இடைஞ்சல்தான்.

சரி, தேஜஸ் கேள்விக்கு வருகிறேன். இதற்கு நான் படித்துப் பதில் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். என் பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் சீவும் சிஎன்சி இயந்திரம் இரண்டு, ஒரு பழைய லேத். சில வருஷங்களுக்கு முன்னால் இன்கோனல் 718-ல் ஒரு வளையம் செய்யும் ஜாப் வந்தது. நிக்கல் கலவை உலோகம். ஜெட்டிலும் போடுவார்கள், ராக்கெட்டிலும் போடுவார்கள். எனக்கு வந்த டிராயிங்கில் பாகத்தின் எண் மட்டும்தான், எதற்கென்று சொல்லமாட்டார்கள். அலுமினியத்தை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் சீவலாம். இதை 40 மீட்டருக்கு மேல் தொட்டால் சீவுகிற உளியின் டிப் போய்விடும். மெதுவாகத் தேய்த்தாலோ உலோகம் அந்த இடத்தில் இன்னும் இறுகிக்கொள்ளும். கோபக்கார மாமனார் மாதிரி, அதட்டவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. நாலு வளையத்தில் மூன்று பாஸ். நாலாவது 11 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு கூடிப்போய் ரிஜெக்ட். ஜாப் கொடுத்த நிறுவனம் மெட்டீரியல் காசைப் பில்லில் பிடித்துக்கொண்டது. வளையம் எனக்கே வந்து சேர்ந்தது.

அப்போதுதான் இந்த உலோகங்கள் படுகிற பாடு என்னவென்று தேடிப் படித்தேன். ராக்கெட் எஞ்ஜினுக்குள் 3,000 டிகிரியை ஒட்டிய சூடு. செம்பு 1,085-லேயே உருகிவிடும், ஆனாலும் அந்த கிரையோஜெனிக் எஞ்ஜினின் உள்சுவர் செம்புக் கலவைதான். சுவருக்குள்ளேயே வாய்க்கால் வெட்டி மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் இருக்கிறவரை அடுப்பில் தவலை கருகாது இல்லையா, அந்த வித்தைதான். அப்புறம் முக்கியமான விஷயம், அது ஒரே ஒருமுறை எரிந்தால் போதும். சந்திரயான்-3 கிளம்பியதிலிருந்து ராக்கெட்டைவிட்டுப் பிரிந்ததுவரை மொத்தமே சுமார் 16 நிமிஷம்.

ஜெட் எஞ்ஜினின் டர்பைன் பிளேடு சுழன்றுகொண்டே சூட்டில் நிற்க வேண்டும். அதன்மேல் பாய்கிற வாயு, பிளேடு உருகும் சூட்டைவிட அதிகம். பிளேடுக்குள் நுண்ணிய ஓட்டைகள் வைத்து, எஞ்ஜின் இறுக்கிய காற்றிலேயே கொஞ்சம் எடுத்து ஊதிக் குளிர்விக்கிறார்கள். மேலே பீங்கான் பூச்சு. பிளேடு முழுவதும் ஒரே படிகமாக வார்க்கப்படுகிறது, படிகத்துக்குப் படிகம் இணைப்பு இருந்தால் அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும். இப்படி 16 நிமிஷம் இல்லை, ஆயிரக்கணக்கான மணி நேரம். இன்று பறந்து, நாளை காலை மறுபடி பறக்க வேண்டும், உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

ராக்கெட் சுலபம் என்று சொல்லவரவில்லை. ரஷ்யா தருவதாகச் சொன்ன கிரையோஜெனிக் தொழில்நுட்பம் 1993-ல் அமெரிக்க நெருக்கடியால் நின்றுபோய், நம் சொந்த எஞ்ஜின் ஒழுங்காகப் பறந்தது 2014 ஜனவரியில். இங்கே சி.வி.ராமன் நகரில் தேஜஸுக்கென்று 1989-ல் தொடங்கிய காவேரி ஜெட் எஞ்ஜினை 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். வெட்கக்கேடு என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஒரு மாசம் இன்கோனல் சீவிப் பாருங்கள் என்று மட்டும் தோன்றும்.

"ராக்கெட்டே போற வழியில காத்தை இழுத்துக்கிட்டா?" என்றான் வெளியே வரும்போது. பயல் லேசுப்பட்டவன் இல்லை. 2016 ஆகஸ்டில் இஸ்ரோ அப்படி ஒரு ஸ்கிராம்ஜெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி எரித்துப் பார்த்தது. எரிந்தது 5 விநாடி. "அஞ்சு செகண்டா?" என்று சிரித்தான். ஒலியைப்போல ஆறு மடங்கு வேகத்தில் பாய்கிற காற்றுக்குள் தீக்குச்சி கொளுத்தி அணையாமல் வைத்திருந்தார்களடா என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தான்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடும்போது அந்த வளையத்தைக் கேட்டான். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சமையல்கட்டுத் தரையில் என் இன்கோனல் வளையம், அதன்மேல் ரசச் சட்டி. "பிரிமணை நல்லாருக்குடா, ஆடவே இல்ல. இன்னொன்னு இருந்தா குடுத்து விடு."