இரண்டு துளை, ஒரு துளை: பழைய ஜெர்மன் அடையாள வில்லைகளைப் படித்துப் பார்த்த அனுபவம்

போன அக்டோபரில் பிராண்டன்பர்க் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொத்தான் டப்பா ஒன்று வாங்கினேன். பெர்லினுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து பழைய நாணயம் சேர்ப்பது பழக்கம். அடியில் நாணயம் ஏதாவது கிடக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். வீட்டில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினால், பொத்தான்களுக்கு நடுவே இரண்டு உலோகத் தகடுகள். ஒன்று முழு முட்டை வடிவம், உள்ளங்கையில் அடங்கும். நடுவில் குறுக்கே மூன்று நீளப் பிளவு. பிளவுக்கு மேலும் கீழும் ஒரே எழுத்துகள், ஒரே எண். இன்னொன்று அதே மாதிரித் தகட்டில் பாதி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் கழுத்தில் மாட்டிய டாக் டேக். அரசாங்கப் பெயர் எர்கென்னுங்ஸ்மார்க்க, அடையாள வில்லை. சிப்பாய்கள் சொன்னது ஹுண்டமார்க்க, நாய் வில்லை. இங்கே நாய்க்கு வரி கட்டினால் அதன் கழுத்துப்பட்டியில் மாட்ட ஒரு வில்லை தருவார்கள், அந்தப் பெயர்தான் இது. நான்கு மாதமாக மாலை நேரம் இதிலேயே போகிறது. இதுவரை புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்த தவறு சுத்தம் செய்யப் போனது. முழு வில்லையில் வெள்ளையாகப் பூத்திருந்தது, எழுத்து சரியாகத் தெரியவில்லை. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை. ஓரத்தில் ஒரு சொட்டு புளித்தண்ணீர் விட்டேன். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. உடனே துடைத்துவிட்டேன், ஆனாலும் அரிசி அகலத்துக்குப் பழைய மேற்பரப்பு போய்ப் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தத் தழும்பு இனிப் போகாது. நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் வைத்தேன்: 19.4 கிராம். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, வில்லையை நூலில் கட்டித் தரை தட்டாமல் அமிழ்த்தியபோது 2.7 கிராம் கூடியது. வகுத்தால் 7.2 வருகிறது. அப்படியென்றால் துத்தநாகம், அமிலம் பட்டால் கரையும். பாதி வில்லை கையில் எடுத்தாலே தெரியும் அளவுக்கு லேசு, அது அலுமினியம். போரின் தொடக்கத்தில் அலுமினிய வில்லைகள் அதிகம், பின்னால் துத்தநாகம். எதுவானாலும் மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படிக்க வேறு வழி இருக்கிறது. சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலைதான். மெல்லிய வெண்ணெய்த்தாள், மென்மையான பென்சில். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை மேசையோடு படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒளி அடித்தேன். கண்ணுக்கு நேரே பிடித்தபோது காணாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பி வந்தது.

முழு வில்லையில் முதலில் 2 என்ற எண், அதன்பின் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு. ஜெர்மனில் எண்ணுக்குப் பின் புள்ளி வைத்தால் 'ஆம்' விகுதி சேர்த்தது போல, ஆகவே இரண்டாம் கம்பெனி, அதாவது ராணுவத்தின் ஒரு சிறு பிரிவு. இதே இடத்தில் ரோமன் எண் நின்றால் அது பட்டாலியன், பல கம்பெனிகள் சேர்ந்தது. அடுத்து ஜே-என்-எஃப் என்று மூன்றெழுத்து. இதில் ஒரு வாரம் போனது. ஜே-யில் தொடங்கும் படைப்பிரிவு யேகர் என்ற இலகு காலாட்படைதான் என்று அதன் பின்னால் அலைந்தேன். பழைய ஜெர்மன் அச்செழுத்தில் பெரிய ஐ-யும் பெரிய ஜே-யும் ஒரே உருவம். அந்தப் பழக்கத்தில் இன்ஃபான்ட்ரியை ஜே போட்டே அடித்திருக்கிறார்கள். ஆக, காலாட்படை. பிறகு எர்ஸாட்ஸ் பட்டாலியன், எண் 9.

அதே எண் கொண்ட ஒன்பதாம் காலாட்படை ரெஜிமென்ட் (பல பட்டாலியன்கள் சேர்ந்தது) பாட்ஸ்டாம் நகரத்தைச் சேர்ந்தது. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல முயன்ற சதியில் அதன் அதிகாரிகள் பலர் இருந்ததால் பெயர் பெற்றது. நான் உற்சாகமாகி, இந்த மனிதர் அந்த ரெஜிமென்ட் இருந்த 23-ஆம் டிவிஷனோடு 1941-ல் மாஸ்கோவை நோக்கி நடந்தார் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அத்தனையும் தப்பு. எர்ஸாட்ஸ் என்றால் மாற்று ஆள். எர்ஸாட்ஸ் பட்டாலியன் போர்முனைக்குப் போகாது. ஊரில் இருந்தபடி புது ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஆள் குறைந்த பிரிவுகளுக்கு அனுப்பும். பெரும்பாலும் முதன்முதலில் சேர்ந்த இடத்தில் அடித்த வில்லைதான் கடைசி வரை கழுத்தில். எங்கே சண்டை போட்டார், எங்கே இறந்தார் என்பதெல்லாம் அதில் இல்லை. விற்பவர்கள் இதை மறைத்து, ரெஜிமென்டின் புகழைச் சொல்லியே விலை ஏற்றுகிறார்கள். வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அதன் கீழே எண். நான்கு இலக்கம் என்று படித்தேன். பென்சில் பதிவில் பார்த்தால் மூன்று இலக்கம்தான். சற்றுத் தள்ளி, வேறு அச்சால் அடித்த ஒரு பூஜ்யம். அது ரத்த வகை. நாம் ஓ என்பதை ஜெர்மானியர் பூஜ்யம் என்றுதான் எழுதுவார்கள். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை, காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரின் நடுவில் வந்த வில்லைகளில் பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் பொறித்திருந்தார்கள். இந்தப் போரின் தரைப்படை வில்லையில் பெயரே கிடையாது. எண்தான் அந்த மனிதரின் பெயர்.

இனி அந்தப் பாதி வில்லை.

ஜி-இ-என் என்று தொடங்கியது. ஜெனரல் என்று நினைத்துத் துள்ளினேன். அது கெனேசெண்டன் கம்பெனி. காயமோ நோயோ பட்டுத் தேறி வருபவர்களின் கம்பெனி. முன்பிருந்த வில்லை தொலைந்திருந்தால் அங்கே புதிதாக அடித்துக் கொடுப்பார்கள். அப்படியானால் இவர் ஒருமுறை பிழைத்து வந்தவர், திரும்பவும் போனவர்.

பாதியில் துளை எத்தனை என்று அதுவரை நான் எண்ணவே இல்லை. முழு வில்லையில் மேலே இரண்டு துளை, கயிறு கோக்க. கீழே ஒன்று. ஆள் இறந்தால் கீழ்ப் பாதியை ஒடித்து எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள்; கம்பியில் கோக்க அந்த ஒற்றைத் துளை. மேல் பாதி உடலோடு புதையும், பின்னால் யாராவது தோண்டினால் அடையாளம் தெரிய. என்னிடம் இருப்பதில் இரண்டு துளை. ஒடித்த ஓரத்தில் விரலை வைத்தேன், மூன்று பிளவுக்கும் இடையே பற்கள் போலச் சொரசொரவென்று நிற்கிறது. ஒரு தோழர் குனிந்து ஒடித்த இடம் அது. கல்லறையில் இருந்திருக்க வேண்டிய பொருள் பொத்தான் டப்பாவில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அன்று இரவு அதை நாணய ஆல்பம் இருந்த அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு உறையில் வைத்தேன்.

ஜனவரியில் பெர்லினுக்குத் தெற்கே ஹால்பே காட்டுக் கல்லறைக்குப் போனேன். 1945 ஏப்ரல் கடைசியில் அங்கே ஒரு ஜெர்மன் படையே சுற்றி வளைக்கப்பட்டது. பைன் மரங்களுக்கு நடுவே 20,000-க்கும் மேற்பட்டவர்கள் புதைந்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். பெயர் தெரியாதவர் என்று மட்டும் போட்டவை ஏராளம். சுற்றுக் காடுகளில் இன்றும் எலும்பு கிடைக்கிறது. வில்லையும் கூடக் கிடைத்தால் ஒரு கல்லில் பெயர் ஏறும். அனுமதியில்லாமல் தோண்டி வில்லையை மட்டும் எடுத்துப் போகிறவன் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் எடுத்துப் போகிறான். மண் ஒட்டிய வில்லையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபோல்க்ஸ்புண்ட் என்ற அமைப்பின் இணையத் தேடலில் பெயர் கொடுத்துத்தான் தேட முடியும். எண்ணிலிருந்து பெயருக்குப் போக இருக்கும் பாலம் ஒன்றுதான். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை ஒவ்வொரு பிரிவும் பெர்லினில் 1939 ஆகஸ்டில் தொடங்கிய தகவல் அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்தப் பதிவேடுகள் 2019-லிருந்து ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

இடையில் தெரிந்துகொண்ட ஒன்று: செவ்வக வடிவில் 'ஸ்டாலாக்' என்று தொடங்கினால் அது ஜெர்மன் சிப்பாயுடையதே அல்ல, ஜெர்மானியர் பிடித்து வைத்த போர்க்கைதியுடையது. கூட வரும் ரோமன் எண் ராணுவ மாவட்டம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜெர்மனியின் அன்னபுர்க் முகாமில் இருந்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் தம் படைக்கு ஆள் எடுத்தது அவர்களிடமிருந்துதான். அப்படி ஒரு வில்லையை நேரில் பார்க்க ஆசை.

பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு வில்லைகளின் படம், பென்சில் பதிவு, அளவு, வாங்கிய இடம் எல்லாவற்றையும் காப்பகத்துக்கு அனுப்பினேன். பாதி வில்லையைப் பற்றி ஃபோல்க்ஸ்புண்டுக்கும் தனியாக எழுதி, கேட்டால் அதையே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதில் வரப் பல மாதம் ஆகும். அதற்குள் ஒரு வேலை பாக்கி: வரும் ஞாயிறு அதே சந்தைக்குப் போய், டப்பா எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று அதை விற்ற பெரியவரைக் கேட்க வேண்டும்.